சாட்சியின் பதற்றமும் சட்டத்தின் கடமையும்

வன்கொடுமை வழக்கொன்றில் புகார் அளித்தவரின் போராட்டம் முதல் தகவல் அறிக்கையோடு முடிவதில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவர் பிணையில் வந்து அதே தெருவில் நடமாடுகிறார். சமரசம் பேச ஆட்கள் வருகிறார்கள். வயல்வேலை மறுக்கப்படுகிறது. வாய்தா நெருங்க நெருங்க உறக்கம் கெடுகிறது, நெஞ்சு படபடக்கிறது, உணவு இறங்க மறுக்கிறது. இதை மனவுறுதிக் குறைவு என்று கருதுவோர் இயக்கங்களுக்குள்ளும் உண்டு. அக்கருத்து தவறு.

ஆபத்தை உணர்ந்ததும் உடல் அட்ரினலின், கார்டிசால் ஆகிய ஹார்மோன்களைச் சுரந்து தற்காப்புக்குத் தயாராகிறது. ஆபத்து விலகினால் உடல் தணியும். மிரட்டல் மாதக்கணக்கில் நீடித்தால் அந்தத் தயார்நிலையும் நீடிக்கும். ஆகவே, சாட்சியின் பதற்றத்திற்கு மருந்து இரண்டு: ஒன்று உடலைத் தணிப்பது, மற்றொன்று மிரட்டலை அகற்றுவது. இரண்டாவது அரசின் சட்டக் கடமை.

2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் மூலம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 15ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு, பயணச் செலவு, விசாரணைக் காலப் பராமரிப்புத் தொகை, தேவையெனில் இடமாற்றம் ஆகியவற்றை அது உறுதிசெய்கிறது. பிணை மனு விசாரணை குறித்துப் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அவர் தரப்பையும் கேட்க வேண்டும். இவை கட்டாயமானவை என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் ஹரிராம் பாம்பி வழக்கில் தெளிவுபடுத்தியது. எதிரி வெளியே வந்துவிட்டதைத் தெருவில் பார்த்துத்தான் அறிய நேர்கிறது என்றால், அந்த அதிர்ச்சிக்குக் காரணம் சட்டமீறல்.

சிகிச்சைக்குச் செல்லப் பலர் தயங்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. ‘மனநலம் சரியில்லாதவர்’ என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் சொல்லிவிடுவாரோ என்ற அச்சமே அது. பாரதிய சாட்சிய சட்டத்தின் 124ஆம் பிரிவுப்படி, கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவார்ந்த விடை தர முடிந்தவர் எவரும் சாட்சி சொல்லத் தகுதியுடையவர். பதற்றத்திற்கு மாத்திரை உட்கொள்வதால் அத்தகுதி பறிபோவதில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சாதிப் பாகுபாடின்றிச் சிகிச்சை பெறும் உரிமையையும் சிகிச்சை விவரங்களின் இரகசியத்தையும் காக்கிறது.

இனி, உடன் நிற்கும் தோழர்கள் செய்யக்கூடியவை. சாட்சியை வாய்தாவிற்குத் தனியே அனுப்பாதீர்கள். சமூகப் பணியாளர், வழக்கறிஞர் ஆகியோரின் உதவி பெறுவதும் 15ஏ தரும் உரிமையே. சாட்சியம் சொல்லும் நாளுக்கு முன்பே நீதிமன்ற அறையைக் காட்டிவிடுங்கள். யார் எங்கே அமர்வார்கள், யார் முதலில் கேட்பார்கள் என்று விளக்குங்கள். தெரியாத இடம் தரும் அச்சம் பாதி குறையும். மிரட்டல் ஒவ்வொன்றையும் தேதி, நேரத்துடன் எழுதி, சிறப்பு நீதிமன்றத்தில் புகாராக அளியுங்கள். படபடப்பு ஏறும்போது மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டிச் சில நிமிடங்கள் செய்தால் இதயத்துடிப்பு தணியும்.

உறக்கமின்மை இரு வாரங்களைத் தாண்டினால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடுங்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் காத்திராதீர்கள். 14416 என்ற இலவச எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம்.

சாட்சி சோர்ந்து பிறழ்ந்தால் வழக்கு விழும். அவர் உறங்க முடிகிறதா என்று கேட்பதும் வழக்கு நடத்துவதன் ஒரு பகுதியே.