மெலிந்த ஒலியும் பெருக்கியும்

பழைய வீடியோ விளையாட்டுப் பொறிகளைத் தொலைக்காட்சியோடு இணைக்கும் கம்பியின் முனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஆகிய மூன்று செருகிகள் உண்டு. வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு உரியவை. வீட்டார் உறங்கும் வேளையில் விளையாட விரும்புவோர், ஹெட்போனை அவற்றில் நேராகப் பொருத்தலாகாதா என எண்ணுவர். பொருத்தினால் ஒலி கேட்கும். ஆனால் ஆழ்கிணற்றினின்று எழுவதுபோல் மெலிந்திருக்கும்.

இதன் காரணம் யாது? கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்தை அடுத்து வீராணம் ஏரி இருக்கிறது. சோழர் காலத்து ஏரி அது. அது நிறைந்திருந்தாலும் நீர் தானே சென்னைக்குச் சென்றுவிடாது. எந்திரங்கள் இறைத்துத் தள்ளுவதனாலேயே 2004 முதல் குழாய் வழியே செல்கிறது. பொறியினின்று வரும் ஒலிக்குறியும் அவ்வாறே. தள்ளும் வேலையைத் தொலைக்காட்சியிலுள்ள பெருக்கி செய்கிறது. அப்பெருக்கியின் தடை 10,000 ஓம் அளவினது; ஆதலின் சிறிது மின்னோட்டமே அதற்குப் போதும். ஹெட்போனின் தடையோ பெரும்பாலும் 32 ஓம். பொறியின் உட்தடை 1,000 ஓம் எனக் கொண்டால், மின்னழுத்தத்தில் நூற்றுக்கு மூன்று பங்கே ஹெட்போனை அடையும்.

1988-இல் ஜப்பானில் வெளிவந்த சேகா மெகா டிரைவ் பொறியில் முன்புறத்தே ஹெட்போனுக்கெனத் தனித்துளையும், ஒலியளவை மாற்றும் நகர்த்தியும் இருந்தன. அவ்வசதியில்லாத பொறிக்கு இடையே ஒரு சிறு பெருக்கியை வைத்தலே வழி.

பெருக்கி வந்தபின் ஒலி மெலிவன்று, மிகுதியே இடர். உட்செவியின் நுண்மயிர் அணுக்கள் அழிந்தால் மீண்டும் தோன்றா. சிறுவர் வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பதாயின் ஒலி 75 டெசிபெல்லைக் கடத்தலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. ஆதலால் குமிழை முற்றக் குறைத்தபின் ஹெட்போனை அணிந்து, சிறிது சிறிதாகவே கூட்டுதல் வேண்டும்.