சக்கரத்தடிக் கல்

சந்தவாசலை அடுத்த ஒரு கிடங்கைத் தணிக்கை செய்யச் சென்றபோது, இருப்புக் கணக்கில் ஏறாத பொருள் ஒன்றை நாம் கண்டோம். அது ஒரு கருங்கல். ஜவ்வாது மலையடிவாரத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் இக்கல்லுக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. கிடங்கின் பழைய டீசல் போர்க்லிப்ட் நிற்கும்போதெல்லாம் சக்கரத்தடியில் இதனைச் செருகுவார்களாம். ஹாண்ட் பிரேக் பிடிப்பதில்லை.

"எத்தனை நாளாக?" என்று வினவினோம்.

"கல் வந்த நாளாக, ஐயா" என்றார் ஓட்டுநர்.

நாம் நின்றிருந்தபோதே, நெல் மூட்டைகளுடன் வண்டி மேடைச் சரிவில் நிறுத்தப்பட்டது. சுமை தூக்குபவர் ஒருவர் கல்லை வைக்கக் குனிந்தார். கல் தரையைத் தொடுமுன் வண்டி ஒரு சாண் உருண்டுவிட்டது. கையை இழுத்துக்கொண்டு அவர் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லுக்குச் செலவில்லை, பழுதுபார்ப்பை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாகாதா என்றார் காரியதரிசி. அந்தக் கையை அவருக்குச் சுட்டிக் காட்டினோம்.

ஆரணியிலிருந்து மெக்கானிக் வந்தார். இத்தகைய வண்டிகள் பலவற்றில் பிரேக் கைப்பிடியின் தலையில் ஒரு குமிழ் உண்டு. அதைத் திருகினால் கம்பி விறைக்கும். ஓட்டுநர் அதைக் கடைசிவரை திருகியிருந்தார். கைப்பிடி இறுகியதேயன்றி வண்டி நிற்கவில்லை. கியரில் விட்டு நிறுத்தலாமே எனின், கிளச் உள்ள வண்டியில் அது ஓரளவு தாங்கும். டார்க் கன்வெர்ட்டர் வண்டியில், எஞ்சின் நின்றபின், சிறிதும் தாங்காது. இது இரண்டாவது வகை.

முன்சக்கர டிரம்மைக் கழற்றியதும் காரணம் வெளிப்பட்டது. அச்சின் ஆயில் சீல் தேய்ந்து, பிரேக் லைனிங் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. விசைத்தறியில் பாவு உருளையைச் சுற்றிய கயிற்றில் எண்ணெய் பட்டால் என்ன நேரும் என்பதை நெசவாளர் அறிவர். பிடி வழுக்கும், பாவு தளரும். இங்கும் அதே கதைதான். எண்ணெய் குடித்த லைனிங்கைத் துடைத்துப் பயனில்லை; மாற்றியே ஆக வேண்டும். அதுவும் இரு சக்கரங்களுக்கும் சேர்த்து. முதலில் சீலை மாற்றாவிடின் புது லைனிங்கும் அதே கதியை அடையும்.

பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. காற்றடித்தோ வாயால் ஊதியோ தூளைப் போக்காமல், ஈரத் துணியால் துடைத்தெடுத்தார் மெக்கானிக். இதைக் கண்டு நமக்கு மிக்க மகிழ்ச்சி.

பின்னர் வேலையை உள்ளிருந்து வெளியே கொண்டுவந்தார். முதலில் டிரம்முக்குள் ஷூக்களின் இடைவெளி, அடுத்துக் கம்பியின் தளர்ச்சி, கடைசியாகத்தான் குமிழ். நம்மவர் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கின்றனர். தேய்ந்த ஷூவைக் கம்பியை இழுத்துச் சரிக்கட்டினால், ஓடும்போதும் ஷூ உரசிச் சூடேறும்.

நூறடி நீளத்திற்குப் பதினைந்தடி உயரும் சரிவில், முழுப் பாரத்துடன் பிரேக் தாங்கவேண்டுமென்பது அமெரிக்காவில் இவ்வண்டிகளுக்கு வைத்துள்ள அளவு. கிடங்கின் மேடை அவ்வளவு செங்குத்தன்று. எதிரில் எவரையும் நிற்கவிடாமல், வெறும் வண்டியாகவும் பின் பாரத்துடனும் சோதித்தோம். நின்றது.

ஆனால் அந்நாட்டு விதியே, சரிவில் விட்டுச் செல்லும் வண்டிக்குப் பிரேக்குடன் சக்கரத்தடையும் வைக்கச் சொல்கிறது. ஆகவே மரத்தில் இரண்டு ஆப்புகள் செய்வித்தோம்; சக்கரத்தருகே கை போகாதபடி நீண்ட கயிறும் கட்டுவித்தோம். கருங்கல் இப்போது அலுவலகக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது.