பெருநாள் ஆடையும் பொத்தான் பேட்டரியும்

பெருநாள் பிறை தென்பட்ட இரவில் பழவேற்காட்டு ஏரிக்கரையூர்களில் சிறுமியர் எளிதில் உறங்குவதில்லை. கையில் மருதாணி, கண்ணெல்லாம் மறுநாள் உடுத்தவிருக்கும் ஆடையின் மீது. இப்போது அந்த ஆடைகளிலும் விளக்கு வந்துவிட்டது. பாவாடை விளிம்பிலும் துப்பட்டா ஓரத்திலும் கண்சிமிட்டும் எல்.இ.டி. சரங்களை வாங்கித் தாமே தைத்துக் கொள்வோரும் உண்டு.

துணியழகு இவ்வூருக்குப் புதிதன்று. 1613-ல் டச்சுக்காரர் இங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பியதற்குத் துணி வாணிகமும் ஒரு முக்கிய காரணம். பழவேற்காட்டின் கட்டம் போட்ட துணிகள் அக்காலத்தில் கீழை நாடுகளுக்குக் கப்பலேறின. ஆடையில் விளக்கு வைப்பதும் பழைய ஆசைதான். 1882-ல் இலண்டன் சவாய் நாடக அரங்கில் தேவதை வேடமிட்ட பெண்கள், ஆடைக்குள் மின்கலத்தை மறைத்துத் தலையில் விளக்கு மின்னத் தோன்றினார்கள்.

பெருநாளன்று இருப்பதில் சிறந்ததை உடுத்துவது நம் மார்க்கம் விரும்பும் செயல். ஒரு சிறுமியின் பாவாடையில் நான்கு விளக்குகள் மின்னுவதை ஆடம்பரமெனக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. (பெரியவர்களும் கலங்கரை விளக்கம் போல் மின்னத் தொடங்கினால் அது வேறு பேச்சு!) என் கவலை விளக்கைப் பற்றியதன்று, அதற்கு உயிரூட்டும் பொத்தான் பேட்டரியைப் பற்றியது.

பெரும்பாலும் பயன்படுவது சி.ஆர். 2032 என்னும் வகை. 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட். ஏறத்தாழ ஒரு ரூபாய் நாணயம் போலிருக்கும். குழந்தை இதை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கிக் கொள்ளக்கூடும். அங்குள்ள ஈரத்தின் வழியே மின்சாரம் பாய்ந்து, பேட்டரியின் எதிர்முனையருகே கடுங்காரம் உண்டாகிறது. பேட்டரி உடைந்து ஒழுக வேண்டியதில்லை. விளக்கை எரிக்க வலுவிழந்த பழைய பேட்டரியும் போதும். 2 மணி நேரத்திற்குள்ளேயே சதை வெந்துவிடும். ஓர் இறைச்சித் துண்டின் மேல் வைத்துப் பார்த்தால் கருகுவது கண்ணுக்கே தெரியும்.

அமெரிக்காவில் 2020 டிசம்பரில் ஒன்றரை வயதுக் குழந்தையொன்று இவ்வாறு இறந்தது. அதன் பின்னர், பேட்டரி அறையைக் குழந்தைகள் திறக்க முடியாதபடி செய்யவேண்டுமென 2022-ல் அங்கே சட்டம் வந்தது. ஆஸ்திரேலியாவில் அதே ஆண்டு ஜூனில் இத்தகைய விதி நடைமுறைக்கு வந்தது. நம் கடைத்தெருவில் தொங்கும் மலிவுச் சரங்களிலோ, நகத்தால் நெம்பினாலே மூடி கழன்றுவிடும் பெட்டிகளைக் காணலாம்.

பழவேற்காட்டிலிருந்து சென்னை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். தீவுகளில் வாழ்வோர் முதலில் படகேறிக் கரை சேரவேண்டும். 2 மணி நேரக் கணக்கை இதனோடு சேர்த்துப் பாருங்கள்.

விழுங்கியதைப் பல வேளைகளில் எவரும் பார்த்திருக்க மாட்டார்கள். எச்சில் வழிதல், இருமல், உணவை மறுத்தல் ஆகியவற்றைச் சளியென்று எண்ணிக் கைவைத்தியம் செய்து காலம் போக்கிவிடுவோம். ஐயம் தோன்றினாலே 108-ஐ அழைத்து, எக்ஸ்ரே எடுக்க வேண்டுமென்று கேளுங்கள். வாந்தியெடுக்க வைக்கக் கூடாது. வேறு உணவோ நீரோ கொடுக்கவும் கூடாது. ஒரு வயது நிறைந்த, விழுங்க முடிகிற குழந்தையானால், 12 மணி நேரத்திற்குள் விழுங்கியிருந்தால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். 6 முறைக்கு மேல் வேண்டாம். சூரத்துந் நஹ்லை ஓதும் வீடுகளுக்குத் தேனின் சிறப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் இங்கே தேன் புண்ணின் வேகத்தைத் தணிக்கும், அவ்வளவே. பேட்டரியை மருத்துவர்தான் எடுக்கவேண்டும். தேன் தேடுவதற்காகப் பயணத்தைத் தாமதிக்காதீர்கள்.

விளக்கு வேண்டுமெனில் வழியுண்டு. ரிமோட்டில் போடும் மெல்லிய பேட்டரிகள் இரண்டைச் சேர்த்தாலும் அதே 3 வோல்ட் கிடைக்கும். ஸ்குரு போட்டு மூடும் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். இடுப்புப் பக்கம் உள்துணியில் ஒரு பை தைத்து அதில் வைத்தால், துவைக்கும்போது கழற்றவும் எளிது. பனையோலையில் நுணுக்கமாகப் பெட்டி முடையும் இவ்வூர்ப் பெண்களின் விரல்களுக்கு இந்தத் தையல் ஒரு வேலையா? மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் ஆடையில் மட்டும் இது எதுவும் வேண்டாம், ஜரிகையே போதும்.

தீர்ந்துபோன பொத்தான் பேட்டரியின் இருபுறமும் டேப் ஒட்டி, உயரத்தில் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். வாசலில் எறிந்தால் குழந்தை எடுக்கும். ஏரியில் எறிந்தால் உப்புநீர் அதை அரித்து, உள்ளிருப்பதெல்லாம் இறாலும் நண்டும் வாழும் தண்ணீரில் கலக்கும்.