ஹோம் தியேட்டர் வாங்கியாச்சு... பின்னாடி ஸ்பீக்கரை எங்கே மாட்டணும்? சுவரில் டிரில் போடும் முன் இதைப் படிங்க!

படத்தில் ஹீரோயின் இருட்டில் தனியாக நடந்து போகிறார். பின்னாலிருந்து ஒரு காலடிச் சத்தம். தியேட்டரில் பார்த்தபோது சட்டென்று திரும்பியே பார்த்திருப்பீர்கள். அதே படத்தை வீட்டில், ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்-வூஃபர் என ஆசை ஆசையாக வாங்கி மாட்டிவிட்டுப் பார்த்தால், அந்தக் காலடி பரண் மேல் எலி ஓடுற மாதிரி கேட்கிறது.

உடனே 'செட்டு சரியில்லை' என்று கடைக்காரரைத் திட்டத் தோன்றும். ஆனால் பல வீடுகளில் செட்டில் ஒரு குறையும் இருக்காது. மாட்டிய இடம்தான் தப்பு.

கேபிள் கண்ணுக்குத் தெரியக் கூடாது, பிள்ளைகள் கை எட்டக் கூடாது என்று சரவுண்ட் ஸ்பீக்கர்களைக் கொண்டுபோய் சீலிங்கை ஒட்டி மூலையில் மாட்டிவிடுவது ஒரு ரகம். ஒயர் எட்டலைன்னு ஐந்தையும் டிவி ஷோகேஸிலேயே வரிசையாக அடுக்கிவைப்பது இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்தில் சரவுண்டுக்குக் கொடுத்த காசு வீண் என்றே சொல்லலாம்.

தியேட்டரில் மட்டும் ஏன் உயரத்தில் இருக்கு?

மூலையில் மாட்டுபவர்கள் சொல்லும் காரணம், 'தியேட்டரில் அப்படித்தானே இருக்கு' என்பது. உண்மைதான். தியேட்டரில் பக்கச் சுவர்களிலும் பின் சுவரிலும் வரிசையாகப் பெட்டிகள் உயரத்தில் தொங்கும். அங்கே நூற்றுக்கணக்கான பேர் உட்கார்கிறார்கள். பெட்டியைக் காது உயரத்தில் வைத்தால் ஓரத்து சீட்டில் இருப்பவருக்குக் காது கிழியும், நடுவில் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. அதனால்தான் நிறைய பெட்டிகளை மேலே ஏற்றி, சத்தத்தைப் பரப்பிவிடுகிறார்கள்.

வீட்டில் இருப்பது இரண்டே இரண்டு சரவுண்ட். பார்ப்பது மூன்று நான்கு பேர். 10 அடி அகல ஹாலில், ஒன்பது அடி உயரத்து மூலையில் பெட்டியை மாட்டினால், உட்கார்ந்திருப்பவரின் காதிலிருந்து அது கிட்டத்தட்ட 45 டிகிரி மேலே இருக்கும். பக்கத்தில் கேட்க வேண்டியது தலைக்கு மேல் கேட்கும். எலி ஓடும் ரகசியம் இதுதான்.

கடிகாரத்தை நினைச்சுக்கோங்க

சரி, அப்போ எங்கே வைக்கணும்? தரையில் ஒரு பெரிய கடிகாரம் படுத்திருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். நீங்கள் உட்காரும் இடம் அதன் நடுப்புள்ளி. டிவி இருப்பது 12 மணியில். இனி சின்ன முள்ளை மட்டும் பாருங்கள்.

சென்டர் ஸ்பீக்கர் 12 மணியிலேயே, டிவிக்குக் கீழே. முன்பக்க இரண்டும் 11 மணி, 1 மணி பக்கம். டிவியிலிருந்து எட்டு அடி தள்ளி உட்கார்ந்தால், இந்த இரண்டுக்கும் நடுவில் ஆறரை அடி முதல் ஒன்பது அடி வரை இடைவெளி இருக்கலாம். சரவுண்ட் ஸ்பீக்கர்? பலர் நினைப்பதுபோல 5 மணி, 7 மணி கிடையாது. வலதுபக்கம் மூன்றே கால் தாண்டி 4 மணிக்குள். இடதுபக்கம் 8 மணி முதல் எட்டே முக்கால் வருவதற்குள். அதாவது பக்கவாட்டில், காதுக்குக் கொஞ்சம் பின்னால். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 5.1 ஒலிக்குப் பரிந்துரைக்கும் 100 முதல் 120 டிகிரி என்பது இதுதான்.

நேர் பின்னால் ஏன் வேண்டாம்? ஒரு சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை, இரண்டு காதுக்கும் அது வந்து சேரும் நேர வித்தியாசத்தையும் அளவு வித்தியாசத்தையும் வைத்துத்தான் மூளை கண்டுபிடிக்கிறது. நேர் பின்னால் இருக்கும் சத்தம் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் வரும். நேர் முன்னால் இருப்பதும் அப்படியேதான். அதனால் மூளை குழம்பும். போதாததற்கு, இரண்டு பெட்டியும் முதுகுக்குப் பின்னால் நெருங்கி இருந்தால் இடது, வலது என்ற வித்தியாசமும் போய்விடும்.

நேர் பின்னால் வைப்பதற்கென்றே தனி ஜோடி வருவது 7.1 செட்டில். அதில் ஒரு ஜோடி பக்கவாட்டில், இன்னொரு ஜோடி நாலரை - 5 மணியிலும், 7 - ஏழரை மணியிலும் போகும். 5.1 வாங்கியவர்கள் அதைப் பார்த்துக் காப்பியடிக்க வேண்டாம்.

நம்ம ஊர் ஹாலில் இது நடக்குமா?

படத்தில் காட்டுகிற மாதிரி சதுரமான அறை எத்தனை வீட்டில் இருக்கிறது? ஒருபக்கம் ஜன்னல், இன்னொரு பக்கம் கிச்சனுக்குப் போகும் வழி. சோபாவோ பின் சுவரை ஒட்டிக் கிடக்கும்.

முதலில் சோபா. அதைச் சுவரிலிருந்து ஓர் அடி முன்னால் இழுத்தாலே பெரிய மாற்றம் தெரியும். 10 அடி அகல ஹாலில் காதுக்குப் பின்னால் இரண்டு அடி இடம் கிடைத்துவிட்டால், பக்கச் சுவர் மூலையை ஒட்டி மாட்டும் பெட்டி சரியாக 110 டிகிரியில் வந்து நிற்கும். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் பேஸ் சத்தம் 'கும் கும்' என்று அடைப்பதும் இதில் குறையும். இழுக்கவே முடியாது என்றால் பக்கச் சுவரில் 3 மணி, 9 மணியைக் கொஞ்சம் தாண்டி மாட்டலாம். குற்றமில்லை.

ஹாலும் டைனிங்கும் ஒன்றாக இருக்கும் வீடுகளில் கதை வேறு. சோபா அறையின் நடுவில் இருக்கும், பின் மூலையோ டைனிங் டேபிளைத் தாண்டி எங்கேயோ இருக்கும். அங்கே மாட்டினால் ஒயர்தான் செலவு. சோபாவுக்கு இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் போட்டு வைப்பதுதான் வழி.

உயரம்? சோபாவில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து சுமார் மூன்றரை அடி. அதே உயரம், அல்லது அரை அடி - ஓர் அடி கூடுதலாக வைக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தலை மறைக்காமல் இருக்க அந்தக் கூடுதல் உதவும். பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்து படம் பார்க்கும் வீடு என்றால் காது இரண்டரை அடியில்தான் இருக்கும். அந்த ஒரு அடிகூட ஏற்ற வேண்டாம்.

ஒருபக்கம் சுவரே இல்லையா?

இங்கேதான் பலரும் சோர்ந்துபோகிறார்கள். வலது ஸ்பீக்கர் நாலு அடியில், இடது ஏழு அடியில் வருதே என்று. பயப்பட வேண்டாம். தூர வித்தியாசத்தை ரிசீவர் பார்த்துக்கொள்ளும். ஒலி ஒரு மீட்டர் கடக்க சுமார் 3 மில்லி விநாடி ஆகிறது. செட்டிங்ஸில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் டேப் வைத்து அளந்து போட்டால், பக்கத்தில் இருக்கும் பெட்டியின் ஒலியை அது அந்த அளவுக்குத் தாமதப்படுத்தி அனுப்பும். அளவு குறைந்தால் லெவல் செட்டிங்கில் கூட்டலாம்.

ஆனால் கோணத்தை எந்த செட்டிங்காலும் திருப்ப முடியாது. தலைக்கு மேல் இருக்கும் பெட்டியைப் பக்கத்துக்குக் கொண்டுவரும் பட்டன் ரிமோட்டில் இல்லை. அதனால் இரண்டு பக்கமும் தூரம் சமமாக வரவில்லை என்றால் விட்டுவிடலாம். கோணமும் உயரமும் சமமாக வருகிறதா என்பதைத்தான் மெனக்கெட்டுப் பார்க்கணும்.

'பின்னாடி ஸ்பீக்கர் வேலையே செய்யலை'

மாட்டிய இரண்டாவது நாளே வரும் புகார் இது. முதலில் ஓடுவது என்ன என்று பாருங்கள். ஸ்டீரியோவில் வரும் சீரியலிலோ பழைய பாட்டிலோ பின்பக்கம் கேட்க ஒன்றும் இருக்காது. ஓடிடி-யில் 5.1 என்று போட்டிருக்கும் படத்தைப் போட்டு, டிவியின் ஆடியோ அவுட்புட் ஸ்டீரியோவில் சிக்கியிருக்கிறதா என்றும் பார்க்கணும்.

படம் 5.1 தான் என்றாலும் சரவுண்ட் எப்போதும் கத்திக்கொண்டே இருக்காது. மழை, கூட்டம், கடந்துபோகும் வண்டி என்று தேவைப்படும்போதுதான் வரும். 'கேட்கவே மாட்டேங்குது' என்று அதன் லெவலை ஏற்றினால், வசனம் அமுங்கிப்போகும். வசனம் பெரும்பாலும் சென்டர் ஸ்பீக்கரில்தான் வருகிறது. அதையோ ஷோகேஸில் பொம்மைக்கும் கப்புக்கும் பின்னால் ஒளித்துவைத்திருப்பார்கள். அப்புறம் வசனத்துக்கு வால்யூமை ஏற்றி, சண்டைக்காட்சிக்கு இறக்கி, தூங்கும் குழந்தையும் எழுந்து, பக்கத்து ஃப்ளாட்காரரும் காலிங் பெல் அடித்து... ரிமோட்டைக் கீழே வைக்கவே முடியாது. சென்டரை முன்விளிம்புக்கு இழுத்து, முகத்தைக் காது பக்கம் லேசாக நிமிர்த்திவைத்தால் பாதிப் பிரச்னை தீரும்.

அட்மாஸ் போட்டால்?

2012-ல் 'பிரேவ்' என்ற அனிமேஷன் படத்துடன் தியேட்டருக்கு வந்தது டால்பி அட்மாஸ். அதே ஆண்டு டிசம்பரில் 'சிவாஜி' படத்தின் 3டி பதிப்பு மூலம் தமிழுக்கும் வந்துவிட்டது. இதில் தலைக்கு மேலிருந்து வரும் ஒலிக்கெனத் தனி ஸ்பீக்கர்கள் உண்டு. ஆகவே சரவுண்டைக் காது உயரத்தில் வைப்பது இதில் இன்னும் முக்கியம். அதையும் மேலே ஏற்றிவிட்டால் ஹெலிகாப்டர் எது, பக்கத்தில் போகும் பைக் எது என்று வித்தியாசம் தெரியாது. சீலிங்கை நோக்கி ஒலியை அடித்துத் திருப்பும் ஸ்பீக்கர் வாங்குபவர்களுக்குத் தட்டையான கான்கிரீட் தளம் வேண்டும். ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

டிரில் போடும் முன்...

ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடவே கூடாது. சுவருக்குள் கரண்ட் ஒயர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும். தொட்டில், கட்டிலுக்கு மேலே பெட்டி வேண்டாம். புது வீடு கட்டுபவர்கள் பூச்சு வேலைக்கு முன்பே ஸ்பீக்கர் ஒயருக்குத் தனி பைப் போட்டுவிடுங்கள். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே சேர்த்து இழுப்பது ஆபத்து. 'ஒயர்லெஸ்' என்று விற்கும் சரவுண்டுக்கும் பெரும்பாலும் கரண்ட் பிளக் வேண்டும், ஞாபகம் இருக்கட்டும். ஒயரை மாட்டும்போது சிவப்பு சிவப்பிலும் கறுப்பு கறுப்பிலும் போகணும். ஒன்றில் மட்டும் மாறினால் பேஸ் மெலிந்து, சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால், இரண்டு ஸ்டூல் எடுத்து மேலே நாலு புத்தகம் அடுக்கி, காது உயரத்தில் ஸ்பீக்கரை வைத்து ஒரு வாரம் படம் பாருங்கள். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே நகர்த்திப் பாருங்கள். காலடிச் சத்தத்துக்கு வீட்டில் யாராவது திரும்பிப் பார்த்தால், அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு பிளம்பரையோ எலக்ட்ரீஷியனையோ டிரில் மெஷினோடு கூப்பிடலாம்.