ஐஸ் லாரியில் வந்த அதிர்ஷ்டம்!

போர்ட்டோ நகரத்து ஒயின் கடையில் 'பார்க்கா வேல்யா' என்ற சிவப்பு ஒயினின் விலையைப் பார்த்தேன். என் சம்பளக் கவர் கண்முன் ஆடியது. தூரத்திலிருந்தே ஒரு கும்பிடு! கதை கேட்கக் காசில்லையே...

டோரு ஆற்றங்கரையில் 'வாலே மியாவ்' தோட்டம். (பூனை இல்லை சார், பெயரே அதுதான்!) டோனா அன்டோனியா என்ற அம்மாள் 1877-ல் வாங்கியபோது வெறும் தரிசு.

1952-ல் ஃபெர்னாண்டோ நிகோலாவ் டி அல்மெய்டா அங்கே இந்த ஒயினை முதன்முதலாகச் செய்தார். வெயிலோ கொளுத்துகிறது, கரண்ட் கிடையாது. நொதிக்கிற சாறு சூடேறினால் அத்தனையும் பாழ். மனுஷன் என்ன செய்தார் தெரியுமோ? போர்ட்டோ பக்கமிருந்து மரத்தூள் போட்டு மூடி லாரியில் ஐஸ் வரவழைத்தார்!

பிறகும் அவசரமில்லை. வருஷக்கணக்கில் வைத்திருந்து, ருசி பார்த்து, தேறினால்தான் அந்தப் பெயர். இல்லையா, வேறு லேபிள். நம்ம ஆபீஸ் ப்ரமோஷனே தேவலை!

எதிர்க்கடையில் காபி குடித்துவிட்டு ரூமுக்கு நடந்தேன்.