திறப்பும் நம்பிக்கையும்

பகலெல்லாம் அலுவலாக வெளியே சென்றிருந்த பிரயாணி ஒருவர் மாலையில் தாம் தங்கியுள்ள விடுதிக்குத் திரும்புகின்றார். காலையிற் கசங்கிக் கிடந்த படுக்கை திருத்தப்பட்டிருக்கின்றது. குளியலறையிலே புதிய துவாய் தொங்குகின்றது. தண்ணீர்க் குவளை கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கின்றது. ஆனால், மேசைமேல் அவர் வைத்துவிட்டுப் போன மோதிரம் மட்டும் அங்கே இல்லை. அந்த வேளையில் அவருடைய மனம் யாரை நினைக்கும்? அறையைத் துப்புரவு செய்த பணியாளரையே நினைக்கும். அப்பணியாளரின் முகத்தை அவர் கண்டதில்லை, பெயரையும் அறியார். ஆயினும், "நான் இல்லாதபோது இங்கு வந்தவர் அவரே, ஆகவே எடுத்தவரும் அவரே" என்று மனம் ஒரு நொடியில் முடிவு கட்டிவிடுகின்றது.

இம்முடிவு சிலவேளை சரியாகவும் இருத்தல் கூடும். விடுதிப் பணியாளர் எல்லாரும் மாசற்றவர் என்று எவரும் சாதிக்க முடியாது. ஆனால் இதில் இரண்டு கூற்றுக்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன என்பதைக் கவனித்தல் வேண்டும். வந்தார் என்பது செய்தி. எடுத்தார் என்பது ஊகம். செய்திக்கும் ஊகத்திற்கும் இடையிலுள்ள தூரத்தை எவ்வாறு கடப்பது என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

விடுதி என்பது ஒரு விசித்திரமான வீடு. நம் வீட்டின் திறப்பு நம்மிடத்தில் இருக்கும். அதிகமாகப் போனால் நமக்கு உறவான இருவர் மூவரிடத்தில் இருக்கும். விடுதி அறையின் திறப்போ, நாம் ஒருபோதும் பழகியறியாத பலரிடத்தில் இருக்கின்றது. அவர்களை நாம் தெரிந்தெடுக்கவில்லை. இருந்தும், நம் பெட்டியையும் பணப்பையையும் அவர்கள் நடமாடும் இடத்திலே விட்டுவிட்டு வெளியே செல்கின்றோம். இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் யாது?

இந்தக் கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. பழைய உரோமாபுரியின் நீதியதிபர்கள் இதற்கு ஒரு விடை கண்டிருந்தனர். கப்பலோட்டுவோர், விடுதி நடத்துவோர், குதிரைலாயம் வைத்திருப்போர் ஆகிய மூவகையினரும் தம்மிடம் ஏற்றுக்கொண்ட பொருளைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும் என்று அவர்கள் கட்டளை பிறப்பித்தனர். கி.பி. 533ஆம் ஆண்டிலே யுஸ்தினியன் பேரரசன் வெளியிட்ட சட்டத்தொகுப்பில் இதற்குரிய காரணமும் விளக்கப்பட்டுள்ளது. வழிப்போக்கன் இவர்களை நம்பாமல் இருக்க முடியாது. சட்டம் கடுமையாக இல்லாவிட்டால் இவர்கள் கள்வரோடு கூடிக்கொள்ள இடமுண்டாகும் என்பதே அக்காரணம். பணியாளர் களவு செய்தால் விடுதிக்காரன் இருமடங்கு கொடுத்தல் வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. வந்து தங்கிய இன்னொரு வழிப்போக்கன் களவு செய்தாலோ, அந்த இருமடங்குத் தண்டம் இல்லை. இவ்வேறுபாடு ஏன்? வழிப்போக்கரை விடுதிக்காரன் தெரிந்தெடுப்பதில்லை; பணியாளரை அவனே தெரிந்தெடுக்கின்றான். தெரிந்தெடுத்தவன் பொறுப்பேற்றல் வேண்டும் என்பதே உரோமர் கண்ட நியாயம்.

இந்த நியாயம் நமக்குத் தூரத்ததன்று. உரோமரின் சட்டம் ஒல்லாந்தரின் சட்டத்தோடு கலந்து, அவர்களுடைய ஆட்சியில் நம் தீவின் கரையோர மாகாணங்களுக்கு வந்தது. ஒல்லாந்தர் ஆட்சி 1796இல் முடிந்த பின்னர், 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தினால் ஆங்கிலேயர் அச்சட்டத்தைத் தொடர்ந்தும் நிலைக்க விட்டனர். உரோம-ஒல்லாந்தச் சட்டம் இன்றும் இலங்கையின் பொதுச்சட்டமாக விளங்குகின்றது.

ஆங்கில நாட்டவரும் வேறொரு வழியாக இதே இடத்தை வந்தடைந்தனர். 1584ஆம் ஆண்டில் தீர்க்கப்பட்ட ஒரு புகழ்பெற்ற வழக்கில், விடுதிக்குள்ளே விருந்தினரின் பொருள் களவுபோனால் விடுதிக்காரரே பொறுப்பாளி என்று நீதிபதிகள் கூறினர். "அறைத் திறப்பை நான் அவரிடமே கொடுத்துவிட்டேன், அவர்தாம் கதவைப் பூட்டாமல் விட்டார்" என்று விடுதிக்காரர் சொல்லித் தப்ப முடியாது. விருந்தினருடன் வந்தவனே எடுத்திருந்தால் மாத்திரம் அவருக்கு விடுதலையுண்டு.

பின்னாளில் இக்கடுமை தளர்ந்தது. புகைவண்டிகளும் பெரிய விடுதிகளும் பெருகிய 1863ஆம் ஆண்டிலே, விடுதிக்காரரின் பொறுப்பு 30 பவுணுக்கு மேற்படாது என்று ஆங்கிலப் பாராளுமன்றம் வரையறுத்தது. 1956ஆம் ஆண்டின் சட்டம் அதனை மாற்றி, ஒரு பொருளுக்கு 50 பவுண், ஒருவருக்கு மொத்தம் 100 பவுண் என எல்லை வகுத்தது. ஆனால், விடுதிக்காரரோ அவருடைய பணியாளரோ கவலையீனமாக நடந்தமையால் இழப்பு நேர்ந்திருந்தால் இவ்வெல்லை செல்லாது. பாதுகாப்பாக வைக்கும்படி ஒப்படைத்த பொருளுக்கும் செல்லாது. இவ்வரையறையின் பயனைப் பெற விரும்புவோர் அதனை அறிவித்தலாக எழுதி, வருவோர் காணும் இடத்திலே தொங்கவிடுதல் வேண்டும். வரவேற்பு மேசையருகே நாம் படியாமற் கடந்துபோகும் அந்தச் சிறிய அறிவித்தலுக்குப் பின்னே இவ்வளவு நீண்ட வரலாறு இருக்கின்றது.

சட்டம் எசமானை நோக்கியே பேசுகின்றது என்பது இதுவரை கூறியவற்றாற் புலனாகும். ஆனால் நடைமுறையில் விரல் நீட்டப்படுவது எசமானை நோக்கியன்று, பணியாளரை நோக்கியே. இழந்த பொருளின் விலையை எசமான் கொடுத்து முடிக்கலாம். பணியாளர் இழப்பதோ தம் நற்பெயரை. "களவுக்காக நிறுத்தப்பட்டவர்" என்ற சொல் ஒருமுறை பரவிவிட்டால், அடுத்த விடுதியின் வாசற்கதவு அவருக்குத் திறவாது. பொருள் பின்னர் பெட்டியின் அடியிற் கிடைத்தாலும், போன பெயர் அதனோடு திரும்பி வருவதில்லை.

அறைப் பணியாளர் ஒருவரின் நாளைச் சிறிது நோக்குவோம். எட்டு மணி நேர முறையிலே பன்னிரண்டு முதற் பதினாறு அறைகள் வரை அவர் துப்புரவு செய்தல் வேண்டும். 480 நிமிடங்களைப் பதினாறாற் பிரித்தால் அறைக்கு அரைமணி நேரம் கிடைக்கின்றது. அதற்குள்ளே விரிப்பு மாற்றி, தரை துடைத்து, குளியலறை கழுவி, குப்பை அகற்றுதல் வேண்டும். கதவு திறந்திருக்கும், வாசலிலே தள்ளுவண்டி நிற்கும். அவர் குளியலறையிலே குனிந்திருக்கும் வேளையில், நன்றாக உடுத்த ஒருவர் "இது என் அறை" என்று உள்ளே நுழைந்தால் அவர் என்ன செய்வார்? திறப்பைக் காட்டும்படி கேட்டால், விருந்தினரை அவமதித்தார் என்ற முறைப்பாடு வரலாம். கேளாமல் விட்டால், களவுக்குத் துணைபோனார் என்ற பழி வரலாம். விடுதிக் கள்வர் பலரும் இந்த இக்கட்டையே தமக்கு வாய்ப்பாகக் கொள்கின்றனர். இதனாலேதான் நல்ல விடுதிகள், எவராயினும் திறப்பைக் காட்டும்படி கேட்கப் பணியாளருக்கு உரிமை கொடுத்து, அவ்வுரிமையைப் பயன்படுத்தியவரைக் கண்டிக்காமலும் விடுகின்றன.

அன்றியும், அறைக்குள் வருபவர் துப்புரவாளர் மட்டுமல்லர். மின்விளக்குத் திருத்துவோர், சலவை கொண்டுபோவோர், உணவு கொண்டுவருவோர், மேற்பார்வையாளர் என்று பலர் வருகின்றனர். அறையினுள் இருக்கும் சிறு பெட்டகத்தையும், விருந்தினர் இலக்கத்தை மறந்துவிட்டாற் திறப்பதற்காக, நிருவாகம் திறக்கக்கூடிய ஒரு வழி உண்டு. ஆகவே, சந்தேகத்தின் வட்டம் நாம் முதலில் நினைப்பதைவிடப் பெரியது.

பழைய உலோகத் திறப்பு இச்சிக்கலை இன்னும் பெருக்கிற்று. விடுதியின் பெயரும் அறை இலக்கமும் பொறித்த திறப்பு தொலைந்தால், அதனைக் கண்டெடுத்தவனுக்கு எந்த வாசலுக்குச் செல்வது என்பதும் தெரிந்துவிடும். ஒருநாள் தங்கியவர் அதைப்போல் இன்னொன்று வெட்டுவித்துக்கொண்டால், பின்னொருநாள் திரும்பி வந்து திறக்கலாம். 1970களிலே நோர்வே நாட்டினரான தோர் சோர்னெஸ் என்பவர் இதற்கு ஒரு மாற்றுக் கண்டார். துளைகளிட்ட பிளாஸ்டிக் அட்டையே திறப்பு. 32 இடங்களில் துளையிட்டும் இடாமலும் 420 கோடிக்கு மேற்பட்ட வேறுபட்ட அட்டைகளை ஆக்கலாம். புதிய விருந்தினர் வரும்போது பூட்டின் ஒழுங்கை மாற்றிவிடலாம். பழைய அட்டை பயனற்றதாகிவிடும். பின்னர் வந்த மின்னணுப் பூட்டுக்கள், எந்த அட்டை எந்த நேரத்திற் கதவைத் திறந்தது என்பதையும் பதிந்து வைத்தன.

இப்பதிவு பணியாளருக்கு நல்ல சாட்சியாக வாய்த்ததுண்டு. 2012ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரத்து விடுதியொன்றிலே ஒருவருடைய மடிக்கணினி காணாமற் போயிற்று. கதவு உடைக்கப்படவில்லை. ஆனால், அந்நேரத்திற் பணிப்பெண்கள் எவருடைய திறப்பும் பயன்படுத்தப்படவில்லை என்று பூட்டின் பதிவு காட்டிற்று. அதற்கு இரண்டு மாதங்களின் முன், அவ்வகைப் பூட்டின் அடியிலுள்ள சிறு துவாரத்தில் மலிவான கருவியொன்றைப் பொருத்தித் திறக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் ஒருவர் பகிரங்கமாகக் காட்டியிருந்தார். அந்த வழியைப் பயன்படுத்தியே களவு நடந்தது என்று பின்னர் அறியப்பட்டது. வெளியார் ஒருவர் கைதுசெய்யப்பட்டார். பதிவு இல்லாதிருந்தால் அப்பணிப்பெண்களின் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எனினும், பதிவையும் கண்மூடி நம்புதல் தகாது. 2003ஆம் ஆண்டு ஜேர்மனியின் பேர்லின் நகரிலே, விடுதியறையொன்றிலிருந்து மடிக்கணினி களவுபோயிற்று. கதவிற் காயமில்லை, பதிவிலும் எவரும் நுழைந்ததாக இல்லை. ஆதலின், விடுதியார் முறைப்பாட்டைப் பொருட்படுத்தவில்லை. இழந்தவரின் தோழர்களான பின்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் இருவர் இதனை மனத்திற் கொண்டு பல ஆண்டுகள் முயன்றனர். காலாவதியான ஒரு சாதாரண அட்டையிலிருந்தே விடுதி முழுவதையும் திறக்கும் பொதுத்திறப்பை ஆக்கலாம், அதுவும் தடயமின்றி ஆக்கலாம் என்று 2018ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் வெளிப்படுத்தினர். குறையைத் திருத்தும் வழியைப் பூட்டுச் செய்த நிறுவனமும் வெளியிட்டது. பேர்லினில் அன்று நடந்த களவு இவ்வழியால்தான் நிகழ்ந்தது என்று இதனாற் பெறப்படாது. ஆனால் ஒன்று தெளிவு. ஹூஸ்ரனிலே பதிவு பணியாளரைக் காத்தது. பேர்லினிலே அதே வகைப் பதிவு, உண்மையில் இழந்தவரைப் பொய்யராக்கப் பார்த்தது. கருவி ஒரு சாட்சி மட்டுமே, நீதிபதியன்று.

அவ்வாறாயின், செய்யத்தக்கது யாது? நல்ல விடுதிகளின் ஒழுங்கு மிக எளியது. காலையிலே பொதுத்திறப்பைக் கையொப்பமிட்டுப் பெறுதல், மாலையிலே கையொப்பமிட்டு ஒப்படைத்தல்; இடையில் அதனை வேறெவருக்கும் இரவல் கொடாதிருத்தல்; துப்புரவு செய்யும்போது தள்ளுவண்டியை வாசலுக்குக் குறுக்கே நிறுத்துதல்; விருந்தினர் விட்டுச்சென்ற பொருள் ஒரு பொத்தானாயினும், நாளும் நேரமும் அறை இலக்கமும் குறித்துப் புத்தகத்திற் பதிதல். இவை பணியாளரை நம்பாமையால் வந்த விதிகள் என்று சிலர் குறைபட்டுக்கொள்வர். அது தவறு. கையொப்பமிட்டுத் திறப்பை ஒப்படைத்தவர், "அந்நேரத்திற் திறப்பு என்னிடத்தில் இல்லை" என்று நிமிர்ந்து சொல்ல முடியும். ஒழுங்கு இல்லாத இடத்தில் அவருக்குச் சொல்ல எதுவுமில்லை. அழ மட்டுமே முடியும்.

களவு நேர்ந்தபின் விசாரிப்பதற்கும் ஒரு முறை உண்டு. எசமானின் உடைமையிலுள்ள பொருளை வேலையாள் திருடுதலை, 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை தனியானதொரு குற்றமாக வகுத்துள்ளது. குற்றச்சாட்டு கடியது, ஆதலின், ஆதாரமும் அதற்கேற்ற வலிமையுடையதாதல் வேண்டும். அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டு நிறைவேறிய சட்டமொன்று, தனியார் நிறுவனங்கள் தம் ஊழியரைப் பொய்யறியும் கருவியாற் சோதிப்பதைப் பெரும்பாலும் தடைசெய்தது. களவு விசாரணைக்குச் சில விலக்குகள் உள. அங்கும், பொருளிருந்த இடத்துக்கு ஊழியர் செல்லக்கூடியவராய் இருந்தார் என்பது மட்டும் சந்தேகத்துக்குப் போதிய காரணமாகாது. உள்ளே போகும் வழி உடையவர் என்பது வேறு. குற்றவாளி என்பது வேறு.

இவ்வுண்மை தமிழருக்குப் புதியதா? அரண்மனைச் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லன், ஊருக்குப் புதியவனும் துணையற்றவனுமாகிய கோவலன்மேற் பழியைப் போட்டான். பாண்டியன் விசாரியாது ஆணையிட்டான். ஒரு நகரம் எரிந்தது. பொருள் காணாமற்போன இடத்திலே, பரிந்து பேச ஆளில்லாதவரைக் கள்வராக்குவது எவ்வளவு எளிது என்பதை நமது காப்பியம் அன்றே காட்டியது.

இனி, விருந்தினராகிய நமக்கும் கடமையுண்டு. விலையுயர்ந்த நகையைப் பயணத்திற் கொண்டுசெல்லாதிருத்தல் நன்று. கொண்டுசென்றாற் பற்றுச்சீட்டுப் பெற்று விடுதியின் காப்பறையில் ஒப்படைத்தல் நன்று. ஒரு பொருளைக் காணாவிடில், முதலிற் படுக்கை விரிப்பையும் சட்டைப் பைகளையும் பெட்டியின் மடிப்புக்களையும் பொறுமையுடன் தேடுதல் வேண்டும். பின்னரும் கிடையாவிடில், உடனே முகாமையாளரிடம் சென்று, "இன்ன பொருள், இன்ன நேரத்தில், இன்ன இடத்தில் வைத்தேன், இப்போது இல்லை" என்று எழுத்தில் அறிவித்தல் வேண்டும். "இன்னார் எடுத்தார்" என்பதை, நாம் கண்ணாற் கண்டாலன்றி எழுதலாகாது. அக்கடிதத்தில் நாம் சேர்க்காமல் விடும் அந்த ஒரு வரியிலே, முகமறியாத ஒருவரின் நாளைய சோறு தங்கியிருத்தல் கூடும்.