பாஸ்வேர்டு நோட்டு யார் கையில் இருக்கிறது?

ஆலங்காயம் மாதிரி ஊர்களில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர்களிடம் ஒரு நீள நோட்டு இருக்கும். ஊரில் பாதிப் பேரின் ஆன்லைன் ஜாதகமே அதில்தான். டிஎன்பிஎஸ்சிக்குப் பதிவு செய்த தம்பியின் யூசர் ஐடி, ஷூ கம்பெனிக்குப் போகும் அக்காவின் பிஎஃப் எண், இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்குப் போட்ட விண்ணப்பம், பான் கார்டுக்காக அவசரமாகத் திறந்த ஜிமெயில் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே பாஸ்வேர்டு. 'நமக்கு ஞாபகம் இருக்காது, அண்ணன்கிட்டயே இருக்கட்டும்' என்று நாமே சொல்லிவிட்டு வந்ததுதான்.

சென்டர்காரர்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. கடைசி நாளில், சர்வர் தள்ளாடும் நேரத்தில், கையில் சான்றிதழ்களோடு வந்து நிற்பவர்களுக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டுத் தருவது உதவிதான். வரிசையில் இன்னும் பத்துப் பேர் நிற்கும்போது வாடிக்கையாளரின் பெயரோடு @123 சேர்த்தால் வேலை முடிந்தது. பல சமயம் ஓடிபி வருவதற்காக சென்டரின் போன் நம்பரே கொடுக்கப்பட்டுவிடும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

'இத்தனை பாஸ்வேர்டை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது?' என்பதுதான் எல்லோருடைய கேள்வி. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. உங்கள் அக்கவுன்ட் யாருடைய நம்பரில், யாருடைய இமெயிலில் இருக்கிறது?

ஓடிபி எங்கே போகிறது?

பாஸ்வேர்டு மறப்பது பெரிய விஷயமே இல்லை. 'ஃபர்காட் பாஸ்வேர்டு' என்று ஒரு பொத்தான் எல்லா இடத்திலும் இருக்கிறது. அதை அழுத்தினால் ஓர் ஓடிபியோ லிங்க்கோ வரும். அது யாருக்கு வருகிறதோ அவர்தான் நடைமுறையில் அந்த அக்கவுன்டின் சொந்தக்காரர்.

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ, தோல் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ் ஏறிப் போகும் பெண்களை எடுத்துக்கொள்வோம். மாதாமாதம் சம்பளத்தில் பிஎஃப் பிடிக்கிறார்கள். கம்பெனி மாறினாலும் மாறாத 12 இலக்க யுஏஎன் எண் 2014 முதல் இருக்கிறது. அந்த எண்ணும் பாஸ்வேர்டும் ஓடிபியும் இருந்தால் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். மகள் கல்யாணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ பணம் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் அதில் பதிவாகியிருப்பது எப்போதோ ஆஃபரில் வாங்கித் தூக்கிப்போட்ட சிம்மின் நம்பர் என்றால்? ஆதாரில் இணைந்த மொபைல் நம்பரை வைத்து மீட்டுவிடலாம். ஆதாரிலும் அதே பழைய நம்பர்தான் என்றால், முதலில் ஆதாரைச் சரிசெய்துவிட்டுத்தான் பிஎஃப் பக்கமே வர முடியும். பணத்துக்கு அவசரம் வந்த வாரத்தில்தான் இதெல்லாம் தெரியவரும் என்பதுதான் கொடுமை.

தூக்கிப்போட்ட சிம் அப்படியே கிடப்பதும் இல்லை. துண்டிக்கப்பட்ட நம்பரை 90 நாட்களுக்கு வேறு யாருக்கும் தருவதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அதாவது, அதற்குப் பிறகு தரலாம். உங்கள் பழைய நம்பர் இன்று முன்பின் தெரியாத ஒருவர் கையில் இருக்கலாம். நீங்கள் கேட்கும் ஓடிபி அவர் போனில் விழும்.

இமெயில் கதையும் இதேதான். இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் தனிநபர் அக்கவுன்டுகளை நீக்கலாம் என்ற விதியை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. டிஎன்பிஎஸ்சியின் ஒருமுறைப் பதிவு 5 ஆண்டுகள் செல்லும். அதற்காக சென்டரில் திறந்த ஜிமெயிலை அதன்பிறகு ஒரு தடவைகூடத் திறக்காதவர்கள் எத்தனையோ பேர். பதிவு உயிரோடு இருக்கும். அதற்கு வழிகாட்டும் மெயில் போய்ச் சேர இடம் இருக்காது.

எனவே இன்று ராத்திரியே செய்யக்கூடிய முதல் வேலை: போனில் கூகுள் அக்கவுன்டைத் திறந்து, 'செக்யூரிட்டி' பகுதியில் ரெக்கவரி போன், ரெக்கவரி இமெயில் என்று எது இருக்கிறது எனப் பாருங்கள். பழைய நம்பராகவோ சென்டர் நம்பராகவோ இருந்தால் மாற்றுங்கள். அதே மூச்சில் பிஎஃப், வங்கி, ஆதார் மூன்றிலும் எந்த நம்பர் என்று பார்த்துவிடுங்கள்.

பாஸ்வேர்டு பிறந்ததுமே திருடப்பட்டது

இந்தத் தலைவலி புதிதல்ல. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடியில் ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்குபோட்டுப் பயன்படுத்தினார்கள். அவரவர் கோப்பை அவரவர் மட்டும் பார்க்க ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு பாஸ்வேர்டைக் கொண்டுவந்தது. 1962-லேயே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர் மொத்த பாஸ்வேர்டு பட்டியலையும் பிரின்ட் எடுத்துவிட்டார். அவருக்கு ஒதுக்கியிருந்த கம்ப்யூட்டர் நேரம் போதவில்லையாம், அவ்வளவுதான் காரணம்!

பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறியீடு ஒன்று என்று எல்லா வெப்சைட்டும் படுத்துகிறதே, அந்தப் பழக்கத்துக்கும் ஓர் ஆள் உண்டு. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டில் இருந்த பில் பர் 2003-ல் எழுதிய வழிகாட்டிதான் உலகம் முழுக்கப் பரவியது. ஓய்வுபெற்ற பிறகு 2017-ல், தான் எழுதியதில் பலவற்றுக்காக வருந்துவதாக அவரே ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு நிஸ்ட்டும் மாறியது. குறியீடு போடு என்று கட்டாயப்படுத்தாதே, சும்மா சும்மா மாற்றச் சொல்லாதே, நீளம்தான் முக்கியம் என்றது. 2025-ல் வந்த புதிய பதிப்பு, பாஸ்வேர்டு மட்டுமே காவல் என்கிற இடத்தில் குறைந்தது 15 எழுத்து வேண்டும் என்கிறது. நம் ஊர் வெப்சைட்டுகளில் பல இன்னும் 2003-லேயே நிற்கின்றன. விளைவு, பெயரும் @123-ம்.

ஒரே சாவி, பத்துப் பூட்டு

எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான பழக்கம். அது கடினமான பாஸ்வேர்டா என்பதெல்லாம் அப்புறம்தான். ஏனென்றால் திருட்டு உங்கள் வீட்டில் நடப்பதில்லை, கம்பெனியின் கம்ப்யூட்டரில் நடக்கிறது. 2009-ல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் அப்படியே வெளியே வந்தன. அதில் ஏறத்தாழ 2.9 லட்சம் பேர் வைத்திருந்தது 123456. நமக்குப் பழக்கமான பெயர் வேண்டுமென்றால், 2020-ல் பிக்பாஸ்கெட் வாடிக்கையாளர்கள் சுமார் 2 கோடிப் பேரின் தகவல்கள் கசிந்தன. அதில் குழப்பி மாற்றிய வடிவில் பாஸ்வேர்டுகளும் இருந்தன.

இப்படிக் கசிந்த பட்டியலை வைத்துக்கொண்டு திருடர்கள் உட்கார்ந்து யோசிப்பதில்லை. அதே இமெயிலையும் பாஸ்வேர்டையும் நூறு இடங்களில் மெஷினை வைத்துப் போட்டுப் பார்க்கிறார்கள். 2023-ல் 23அண்ட்மீ என்ற அமெரிக்க மரபணுப் பரிசோதனை நிறுவனத்தில் நடந்தது இதுதான். வேறு இடங்களில் கசிந்த பாஸ்வேர்டுகளை வைத்தே சுமார் 14,000 அக்கவுன்டுகளைத் திறந்தார்கள். அங்கே உறவினர்களைத் தேடித்தரும் வசதி இருந்ததால், அந்த வழியாகக் கிட்டத்தட்ட 69 லட்சம் பேரின் விவரங்கள் போயின. அலட்சியம் 14,000 பேருடையது, இழப்பு அவர்களுடையது மட்டும் இல்லை.

உங்கள் இமெயில் எங்காவது கசிந்திருக்கிறதா என்று பார்க்க, ஆஸ்திரேலியாவின் ட்ராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற இலவச வெப்சைட் இருக்கிறது. இமெயிலை மட்டும்தான் அதில் தட்ட வேண்டும்.

ஞாபகம் வைக்க வேண்டியது மூன்றே மூன்று

ஐம்பது பாஸ்வேர்டை யாராலும் ஞாபகம் வைக்க முடியாது. வைக்கவும் வேண்டாம். போன் லாக், முதன்மை இமெயிலின் பாஸ்வேர்டு, யுபிஐ பின். இந்த மூன்றும் தலையில் இருந்தால் போதும்.

இமெயில் பாஸ்வேர்டுதான் தாய்ச்சாவி, மற்ற எல்லாவற்றையும் அதை வைத்து மாற்றிவிடலாம். அதற்கு ஒரு வார்த்தை போதாது, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து வார்த்தைகளைக் கோத்துப் போடுங்கள். பூவரசு, தராசு, மழைக்கோட்டு, ஒன்பது என்பது மாதிரி (இதையே போட்டுவிடாதீர்கள், இதை இன்னும் எத்தனையோ பேர் படிக்கிறார்கள்). ஆர்னால்டு ரெய்ன்ஹோல்டு என்பவர் 1995-ல் இதற்கு ஒரு முறையே வகுத்தார். 7,776 வார்த்தைகள் கொண்ட பட்டியல், தாய விளையாட்டுக்கு உருட்டுகிற மாதிரி ஒரு பகடை. ஐந்து முறை உருட்டினால் ஒரு வார்த்தை. இப்படி நான்கு வார்த்தை எடுத்தால் சுமார் 36 கோடி கோடி சேர்க்கைகள் வருகின்றன. நான்கு இலக்க பின்னில் இருப்பது வெறும் 10,000. ஐந்தாறு வார்த்தையாக நீட்டினால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

பகடை எதற்கு, நாமே நான்கு வார்த்தை யோசிக்கலாமே என்று தோன்றும். நாம் யோசித்தால் பிள்ளை பெயரும் குலதெய்வமும் பிடித்த நடிகரும்தான் வரும். ஃபேஸ்புக்கில் அதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது.

இன்னொரு நடைமுறைச் சிக்கல், தமிழ் வார்த்தையை ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது வருகிறது. 'ழ' வந்தால் ஒருவர் 'இசட் எச்' போடுவார், இன்னொருவர் 'எல்' போடுவார். அந்நியர் ஊகிப்பது கஷ்டம்தான், ஆனால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே குழப்பும். 'ழ', நெடில் இல்லாத எளிய வார்த்தைகளாக எடுத்துக்கொண்டால் தப்பிக்கலாம்.

மீதியை எழுதி வைக்கலாமா?

தாராளமாக. பாஸ்வேர்டை எழுதவே கூடாது என்று சொல்லிச் சொல்லித்தான் எல்லோரையும் ஒரே பாஸ்வேர்டுக்குத் தள்ளிவிட்டோம். கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையர் 2005-லேயே, கடினமான பாஸ்வேர்டாக வைத்து அதைத் தாளில் எழுதி பர்ஸில் பத்திரப்படுத்துங்கள் என்று சொல்லிவிட்டார். வெளிநாட்டிலிருந்து ஹேக் செய்பவனால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டோடு ஒரு சின்ன நோட்டு இருப்பதில் தப்பே இல்லை. வயதானவர்களுக்கு அதுதான் சிறந்த வழியும்கூட. யுபிஐ பின், ஏடிஎம் பின் இரண்டை மட்டும் அதில் எழுத வேண்டாம்.

எழுதக் கூடாத இடங்களும் உண்டு. ஏடிஎம் பின்னை யாரோ ஒரு மாமாவின் போன் நம்பர் போல கான்டாக்ட்டில் சேமிப்பது நம்மூர்த் தந்திரம். கான்டாக்ட் பட்டியலைப் படிக்க எத்தனை ஆப்களுக்கு 'அலோ' கொடுத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் அந்தத் தந்திரம் கசக்கும். பாஸ்வேர்டு எழுதிய தாளை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் அப்படித்தான். போட்டோ இரண்டு பேர் கேலரியிலும் கிடக்கும்.

நோட்டு வேண்டாம் என்பவர்களுக்கு பாஸ்வேர்டு மேனேஜர். ஆண்ட்ராய்டு போனில் கூகுள் பாஸ்வேர்டு மேனேஜரும், ஐபோனில் பாஸ்வேர்ட்ஸ் ஆப்பும் ஏற்கெனவே இருக்கின்றன, காசு கிடையாது. பிட்வார்டன் போன்றவை தனியாகக் கிடைக்கும். தமிழ்நாட்டில் வேரூன்றிய ஜோஹோவும் 'வால்ட்' என்ற ஒன்றை வைத்திருக்கிறது. புது அக்கவுன்ட் திறக்கும்போது நீளமான பாஸ்வேர்டை இவையே உருவாக்கி, இவையே நிரப்பிவிடும். போலி வெப்சைட்டுக்குப் போனால், முகவரி பொருந்தாததால் நிரப்பாது. பலருக்குத் தெரியாத லாபம் இது.

மேனேஜரே கசிந்தால்? கசிந்திருக்கிறது. 2022-ல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பூட்டிய பெட்டகங்களின் நகல்களே திருடுபோயின. அப்படி நடக்கும்போது முதன்மை பாஸ்வேர்டு நீளமாக இருப்பதுதான் காப்பு.

வீட்டில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. போனிலேயே இருக்கும் மேனேஜர் பெரும்பாலும் போன் லாக்கிலேயே திறந்துகொள்ளும். கேம் விளையாட அந்த லாக்கைக் குழந்தைக்கும், பாட்டுப் போட பக்கத்து வீட்டுப் பையனுக்கும் சொல்லியிருந்தால், மொத்தப் பெட்டியின் சாவியையும் கொடுத்த மாதிரி.

போன் தொலைந்தால் என்ன செய்வது என்ற பயத்துக்கும் வழி இருக்கிறது. இரண்டு கட்டச் சரிபார்ப்பை ஆன் செய்தவர்களுக்கு கூகுள் 10 பேக்கப் கோடுகள் தருகிறது. ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒருமுறைதான் செல்லும். அந்தத் தாளும் ரேஷன் கார்டு பக்கத்தில் இருக்கட்டும்.

சொல்லிவிட்டால் நஷ்டம் யாருக்கு?

வங்கிப் பணம் போனால் வங்கி தரும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வங்கி மீதும் உங்கள் மீதும் தவறில்லாமல் வேறெங்கோ நடந்த கசிவால் பணம் போய், 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் உங்களுக்கு நஷ்டமில்லை. ஆனால் பின்னையோ பாஸ்வேர்டையோ நீங்களே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை போன பணம் முழுவதும் உங்கள் கணக்கு. தகவல் சொன்ன பிறகு போவதுதான் வங்கியின் பொறுப்பு. ஆகவே, போனது தெரிந்த நிமிஷமே வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் போன் செய்ய வேண்டும். யாரைக் கேட்கலாம் என்று தயங்கி நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் காசு.

அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி குற்றம். 3 ஆண்டுகள் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். தெரிந்தவர், சொந்தக்காரர் என்ற விலக்கு அதில் கிடையாது.

அடுத்த முறை பிரவுசிங் சென்டர் போகும்போது உங்கள் போனைக் கையோடு எடுத்துப் போங்கள். உங்கள் நம்பரையும், நீங்கள் தினமும் திறக்கும் இமெயிலையும் கொடுங்கள். பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் கீபோர்டை வாங்கி நீங்களே அடியுங்கள், மெதுவாக ஆனாலும் பரவாயில்லை. 'சேவ் பாஸ்வேர்டு' என்று கேட்டால் வேண்டாம் என்று கொடுத்து, லாக் அவுட் ஆனதைப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். ஏற்கெனவே அந்த நீள நோட்டில் இருப்பவற்றை, வீட்டுக்கு வந்து உங்கள் போனிலிருந்தே ஒவ்வொன்றாக மாற்றிவிடலாம். அண்ணனிடம் நோட்டைக் கேட்டுச் சங்கடப்பட வேண்டியதில்லை.